தங்கச்சிமடத்தில் ஒரு பிபிசி மைக்ரோ: ரோம் மாற்றிய நாட்குறிப்பு

மே 6, 2025

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகவில்லை. பகல் முழுக்கக் கடையில் படகுக்காரர்களின் விஎச்எஃப் ரேடியோ செட்டும், கடல் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் ரிப்பேர் பார்ப்பதுதான். ராத்திரியில் பிபிசி மைக்ரோ.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் கொண்டுவந்த கணினி இது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், 32 கேபி ராம். 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் இதே மெஷின்தான். என்னுடையதும் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய சாமான் ஏலத்தில் வந்தது.

இதில் டிஸ்க் டிரைவ் கிடையாது. அடிப்பக்கம் இருக்கும் யூசர் போர்ட் என்ற இணைப்பில் ஒரு சின்ன போர்டு, அதில் எஸ்டி கார்டு. அந்தக் கார்டைப் படிக்கும் ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்திருக்கும் புரோகிராம்), 'எம்எம்எஃப்எஸ்' என்ற ரோம், உள்ளே ஒரு சிப்பில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்தான் ரோம். 2 ஜிபி கார்டு போன மாதம் செத்துப்போச்சு. கடையில் இப்போது கிடைக்கும் 16 ஜிபி கார்டை என் பழைய ரோம் ஏற்கவில்லை. புதிய பதிப்பை எழுதிப் போட வேண்டியதுதான்.

மே 7

அக்கா மகன் வந்திருந்தான். "ஏன் மாமா, இதுக்கு அப்டேட் தானா வராதா?"

"வராதுய்யா. சிப்பைக் கையால கழட்டித்தான் மாத்தணும்."

இந்த மெஷினில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். போன வருஷம் ஒரு படகு ஜிபிஎஸ் வந்தது. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதாம். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பெட்டி மட்டும் மிச்சம். பிபிசியில் அந்தப் பயமே இல்லை. புதிய ஃபர்ம்வேரை வேறு சிப்பில் எழுதுகிறோம், பழைய சிப் அப்படியே கையில் இருக்கிறது. சரிவரவில்லை என்றால் பழையதையே திரும்பச் சொருகலாம்.

அதனால் முதல் வேலையாகப் பழைய சிப்பைக் கழற்றி, புரோகிராமர் என்ற, சிப்பைப் படித்து எழுதும் கருவியில் வைத்துப் படித்து, 16 கேபி கோப்பாகச் சேமித்துவிட்டேன். யார் செய்தாலும் இதை விடாதீர்கள். நாற்பது வருஷ மெஷினில் இருக்கும் ரோம் வேறு எங்கேயும் கிடைக்காத ஒன்றாகக்கூட இருக்கலாம்.

மே 8

புதியதை எழுதுவதற்குப் பழைய போர்டு ஒன்றிலிருந்து 27128ஏ என்ற இப்ராம் சிப்பை (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரோம்) எடுத்தேன். அந்தக் கடைசி 'ஏ' எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 'ஏ' இல்லாத 27128-க்கு எழுத 21 வோல்ட், 'ஏ' உள்ளதற்கு 12.5 வோல்ட். இதற்கு 21 கொடுத்தால் சிப் காலி.

எழுதும் முன் அழிக்க வேண்டும். இப்ராம் சிப்பின் நடுவே குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புறஊதா ஒளி பட்டால் பிட் எல்லாம் 1 ஆகிவிடும். எழுதும்போது வேண்டிய இடங்களில் 0 விழும். நேர் வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் அழியும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் வெயிலுக்கு அது பொருத்தம்தான், ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் வரும் யூவி டியூப் 254 நானோமீட்டர். இந்த வேலைக்கு அதுவே போதும். மூடிய தகரப் பெட்டிக்குள் டியூபுக்கு ஒரு அங்குலம் கீழே சிப்பை வைத்து இருபது நிமிஷம். திறந்த பெட்டியில் செய்யவே கூடாது, கண்ணைக் கெடுத்துவிடும்.

அழித்த சிப்பைப் படித்தேன். முழுக்க எஃப்எஃப், அதாவது எல்லா பிட்டும் 1.

மே 10

புதிய ரோம் எழுதியாச்சு. சரிபார்ப்பும் பாஸ். ஜன்னல் மேல் வெளிச்சம் புகாத ஸ்டிக்கர். மெஷின் போர்டில் ஐசி100 என்று குறித்திருக்கும் ரோம் சாக்கெட்டில் போட்டு, பவர் ஆன்.

பீப் சத்தம் வந்தது. மெஷினோடு வரும் பேசிக் மொழி வந்தது. உள்ளே இருக்கும் ரோம்களைக் காட்டும் *ஹெல்ப் கட்டளையை அடித்தால் எம்எம்எஃப்எஸ் பெயரே இல்லை.

சிப்பை வெளியே எடுத்து மறுபடி படித்தேன். ஒரு பைட் மாறவில்லை. பழைய சிப்பையும் அதே சாக்கெட்டில் போட்டேன், அதுவும் தெரியவில்லை. அப்படியானால் புதிய ரோம் மேல் பழி இல்லை.

மே 11

மெஷின் தொடங்கும்போது ஒவ்வொரு ரோமிலும் ஒரு பூஜ்யமும், அடுத்து அடைப்புக்குறிக்குள் 'சி' எழுத்தும் வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கும். எண்ணில் சொன்னால் 0, 40, 67, 41. அந்த நாலும் சரியாக இல்லாவிட்டால் ரோமே இல்லை என்று விட்டுவிடும்.

பேசிக்கில் இருந்தபடியே மற்ற சாக்கெட்டைப் படிக்க மெஷினின் ஓஎஸ்சில் ஒரு வழி உண்டு: படிக்க வேண்டிய முகவரியை &எஃப்6, &எஃப்7 என்ற நினைவக இடங்களில் வைத்து, ஒய்% என்ற மாறியில் ஐசி100-இன் ரோம் எண்ணான 14 கொடுத்து, &எஃப்எஃப்பி9-இல் இருக்கும் ஓஎஸ் புரோகிராமைக் கூப்பிட வேண்டும். அக்கா மகன் டைப் அடிக்க, நான் பேப்பரில் எழுதினேன். வந்தது 1, 41, 67, 41. இன்னும் தள்ளித் தள்ளிப் படித்தோம்.

"மாமா, எல்லாமே ஒத்தைப்படையா வருது."

பயல் சரியாகப் பிடித்தான்! கடைசி பிட் எப்போதும் 1 என்றால், அந்த பிட்டைக் கொண்டுவரும் டி0 கம்பி சிப்பைத் தொடவில்லை. 27128-இல் அது 11-ஆம் கால். சாக்கெட்டில் அந்த ஓட்டையை லென்ஸில் பார்த்தேன்: உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் பச்சைக் களிம்பு, ஓரம் அரித்து வளைந்து சிப்பின் காலை விட்டு விலகி நிற்கிறது. சிப்பைக் கழற்றியபோது மிச்சமிருந்த பிடியும் போயிருக்கிறது. படகு செட்டுகளில் நான் தினமும் பார்க்கும் அதே உப்புக்காத்து வேலை. மதுரையிலோ கோவையிலோ இருக்கிறவர்கள் ரோம் மாற்றுவது வேறு, கடலை ஒட்டி இருக்கிற நாம் மாற்றுவது வேறு. இங்கே சிப்புக்கு முன்னால் சாக்கெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மே 13

சக்கர் வைத்து ஈயத்தை உறிஞ்சி, பழைய சாக்கெட்டைக் காலுக்குக் காலாக வெட்டி எடுத்தேன். முழுசாகப் பிடுங்கினால் போர்டின் தடம் பெயர்ந்து வந்துவிடும். ரவுண்ட் பின் சாக்கெட் வைத்தாச்சு.

*ஹெல்ப் அடித்ததும் எம்எம்எஃப்எஸ் வந்தது. 16 ஜிபி கார்டும் எடுத்துக்கொண்டது. கார்டில் ஒரே கோப்புதான், அதற்குள் 200 கேபி ஃப்ளாப்பி டிஸ்க்குகளின் பிரதிகள் 511 வரை வைக்கலாம். அந்தக் கோப்பு கார்டில் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதனால் ஃபார்மேட் செய்த கையோடு முதலில் அதைத்தான் காப்பி செய்ய வேண்டும்.

அக்கா மகன் எழுதிய பெருக்கல் வாய்ப்பாட்டு புரோகிராமைச் சேமித்து, மெஷினை அணைத்துப் போட்டுத் திரும்ப ஏற்றினோம். வந்தது. பேசிக் இருக்கும் ஐசி52 சாக்கெட்டிலும் களிம்பு ஆரம்பித்திருக்கிறது. ரவுண்ட் பின் சாக்கெட் இன்னும் மூன்று வாங்க வேண்டும்; தடை முடியும் ஜூன் 14-க்குள் படகு வேலை முடிந்தால் அடுத்து அதுதான்.