கொல்லை நிலையில் இடித்தது

பாபநாசம் பக்கத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கொல்லைப்புற வாசல் நிலை ஐந்தடி உயரம்கூட இருக்காது. தை அறுவடை முடிந்து, மாட்டுக்கு வைக்கோல் கட்டைத் தூக்கி வந்த அப்பா குனிய மறந்து ணங்கென்று தலையை இடித்துக்கொண்டார். ரத்தம் இல்லை, வாந்தி இல்லை, வீங்கக்கூட இல்லை. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். மறுநாள் எல்லாரும் மறந்துவிட்டோம்.

பங்குனியில்தான் ஆரம்பித்தது. இடது கால் செருப்பு நழுவிப்போகும். அது தெரியாமலே நடப்பார். உரக்கடைக் கணக்கை மனதிலேயே கூட்டுகிறவர், ஆறு மூட்டைக்கு விலை சொல்லத் தெரியாமல் முழித்தார். காலையில் தலைவலி, பகலெல்லாம் திண்ணையில் தூக்கம். "எழுபத்திரண்டு ஆயிடுச்சில்ல" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தஞ்சாவூரில் டாக்டர் முதலில் கேட்டது: "ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தலையில அடி ஏதாவது பட்டுச்சா?" இல்லவே இல்லை என்று சாதித்தேன். அம்மாதான் மெதுவாக, "அந்த நிலை..." என்று இழுத்தாள்.

சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டுக்கு உள்பக்கம் பிறை மாதிரி பழைய ரத்தம். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்குமாம். அதிலிருந்து மேலுறைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியிலேயே அறுந்து, வாரக்கணக்கில் கசியும். போதாததற்கு அப்பா இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் தினம் போடுகிறார். ரத்தம் உறையாமல் இருக்கத்தானே அந்த மாத்திரையே! மண்டையில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். பழைய இன்ஜின் ஆயில் நிறத்தில் இருந்ததாம்.

தலையில் அடிபட்டால் எதைக் கவனிக்க வேண்டும் என்று கிளம்பும்போது டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, இதில் எது வந்தாலும் 108தான். அப்பா மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் எதுவும் வரக் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே காட்டிவிட வேண்டும்; மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். அப்புறம், அடிபட்டவரை விடிய விடியத் தூங்கவிடாமல் உட்கார வைப்போமே, அது வேண்டாமாம். டாக்டர் பார்த்துச் சரி என்றால் தூங்கலாம்.

நிலையை உயர்த்தலாம் என்றால் அப்பா கேட்கவில்லை, தாத்தா வைத்த தேக்காம். அம்மா சிவப்புப் புடவைக் கிழிசலை அதில் கட்டித் தொங்கவிட்டாள். அப்பா ஒழுங்காகக் குனிகிறார். போன வாரம் ஊருக்குப் போன நான்தான் இடித்துக்கொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் போய்க் காலண்டரில் தேதியைச் சுழித்துவிட்டு வந்தாள்.