பட்டா இல்லாத மண்ணில் இரும்புச்சத்து மாத்திரை

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில், பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டிய ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இருளர் பழங்குடிக் குடியிருப்புகள் இரண்டு இருந்தன. மாதாந்திரக் கூட்டத்தில் அவற்றின் பெயரை எடுத்தாலே எல்லார் முகமும் மாறும். ரத்தசோகை அதிகம், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் அதிகம், தடுப்பூசி விட்டுப்போனவர்கள் அதிகம். "அவங்க அப்படித்தான் சிஸ்டர். மாத்திரையைக் கொடுத்தா கூரையில செருகி வெச்சிடுவாங்க. சுத்தம் கிடையாது, சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதில் தப்பு. எப்படித் தப்பு என்று கூட்டத்தில் விளக்க எனக்கு நேரம் கொடுத்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்களின் வேலையைச் சொல்கிறேன். தண்ணீர் வடியும் நேரம் பார்த்து, பல நாள் விடிவதற்கு முன்பே உப்பனாற்றில் இறங்கிவிடுவார்கள். வலை கிடையாது. ஓலையில் பின்னிய பறி என்ற மீன்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், சில இடத்தில் கழுத்தளவுத் தண்ணீரில், சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் அப்படியே போகும். கரையேறும்போது உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருக்கும். விரல்களில் ஆளிச் சிப்பி ஓடு கிழித்த கோடுகள் இருக்கும், கெளுத்தி முள் குத்திய இடம் வீங்கியிருக்கும். நடுவில் கரையேறி ஒதுங்க முடியாது என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று ஒன்று ஆறினால் இன்னொன்று வரும். ஏழு மாதக் கர்ப்பிணியும் ஆற்றில் நிற்பாள். பிடித்ததில் பெரிய இறால் அத்தனையும் கரையில் காத்திருக்கும் வியாபாரியின் தராசுக்குப் போய்விடும். அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர் சொன்னதுதான் விலை. வீட்டுக்கு வருவது பொடி மீனும் ரேஷன் அரிசியும்.

இப்படி ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் ரத்தம் சோதித்தேன். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி சொச்சம். கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதம் சோதித்தால் ஏறவே இல்லை. மாத்திரை எங்கே என்று கேட்டதும் எழுந்து போய் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். பாதி காலியாகியிருந்தது. "போடறேன் நர்சம்மா. வெறும் வயித்துல போட்டா கொமட்டிக்கிட்டு வருது. ஆத்துல நிக்க முடியல. நிக்கலன்னா சோறு ஏது?" என்றாள்.

மாத்திரையைச் சோற்றுக்கு அப்புறம் போடச் சொல்வது சுலபம். ஆனால் அவள் வீட்டில் முதல் சோறே மத்தியானம்தான். சரி, ராத்திரி படுக்கும்போது போடு என்று மாற்றிக் கொடுத்தேன். குடற்புழு மாத்திரையும் கொடுத்தேன். அந்தக் குடியிருப்பில் ரத்தசோகைக்குப் பட்டினி ஒரு காரணம் என்றால், கொக்கிப்புழு இன்னொரு காரணம். அதன் முட்டை மனிதக் கழிவோடு மண்ணுக்கு வந்து, ஈர மண்ணில் பொரித்து, வெறும் காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மாத்திரை போட்டால் புழு போய்விடும். ஆனால் மறுநாள் காலையில் அவள் அதே மண்ணில்தான் கால் வைக்க வேண்டும்.

கழிப்பறை கட்டித் தரலாமே என்று கேட்டோம். குடிசைகள் நிற்பது புறம்போக்கு, பட்டா இல்லாமல் ஒதுக்கீடு வராது என்றார்கள். பட்டாவுக்கு மனு எழுதினோம். சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்துவிட முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அதற்கு விசாரணை உண்டு. அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா, தாத்தா எந்த ஊர் என்று கேட்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாவிடமும், ஆறு போன பக்கமெல்லாம் குடிசை போட்டுக்கொண்டு போன தாத்தாவிடமும் என்ன காகிதம் இருக்கும்? மனு அலுவலகத்தில் ஒரு கட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அவளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது, எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. பதிவேட்டில் நான் எழுத வேண்டிய காரணம் 'ரத்தசோகை' என்ற ஒரே சொல். பட்டா இல்லை என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 7.95 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். பழங்குடி என்றாலே நீலகிரியும் கொல்லிமலையும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். திட்டங்களும் அப்படியே நினைக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. மலைக்கும் பழங்குடிப் பகுதிக்கும் அது 3,000 என்றும் 20,000 என்றும் தளரும். நம் டெல்டா இருளர்கள் நாற்பது குடிசை, அறுபது குடிசை என்று வயலோரத்திலும் வாய்க்கால் கரையிலும் சிதறிக் கிடப்பவர்கள். அவர்கள் இருக்கும் இடம் பழங்குடிப் பகுதி ஆகாது. பழங்குடிகளுக்கென்று தனி நிர்வாக ஏற்பாடு உள்ள, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஒன்றுமே கிடையாது. ஆகவே, இருளர்கள் மத்திய அரசின் பட்டியலில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளில் ஒருவராக இருந்தும், செவிலியர் எண்ணிக்கையில் அவர்களுக்கென்று ஒரு சலுகையும் வருவதில்லை. நெல் விளையும் செழிப்பான சமவெளியில் இருப்பதே அவர்களுக்குப் பாதகமாகிவிட்டது.

அடுத்து தண்ணீர். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. காவிரியில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வந்தால் 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று பத்திரிகையில் தலைப்பு வரும். டெல்டாக்காரியாக நானும் மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பார்க்கிறவள்தான், கடைமடை விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனால் ஆறு கடலில் சேரும் கழிமுகத்துக்கு நல்ல தண்ணீர் வந்தால்தான் உப்பு குறையும், இறால் குஞ்சு தங்கும், அலையாத்தி தழைக்கும். காவிரி நடுவர் மன்றம் தன் 2007 இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது. கடலில் கலப்பதைத் தவிர்க்க முடியாது என்று 4 டி.எம்.சி.யும் கணக்கில் வைத்தது. அது போதுமா என்று பேசலாம், வீண் என்று சொல்லக்கூடாது. அந்தத் தண்ணீரின் முனையில் பறியைக் கவ்விக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள்.

ஆற்றில் வரத்து குறையக் குறைய நிலத்தடியில் கடல் உள்ளே ஏறுகிறது. குடியிருப்பில் இருந்த கைப்பம்பு தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும். குழாய்த் தண்ணீர் ஊர்த்தெருவில் வரும், குடியிருப்புக்கு வரும்போது சொட்டும். வேறு வழியில்லாமல் உப்புத் தண்ணீரையே குடித்தார்கள். எனக்கு அங்கே கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் எப்போதும் கவலை. உப்பைக் குறைத்துச் சாப்பிடு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவள் குடிக்கிற தண்ணீரிலேயே உப்பு. வங்கதேசத்தின் தாக்கோப் என்ற கடலோரப் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் இதையே அளந்து, குடிநீரில் உப்பு ஏறும் வறண்ட காலத்தில் கர்ப்பிணிகளுக்கு உயர் ரத்த அழுத்தம் அதிகமாக வருகிறது என்று 2011-ல் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் கைப்பம்புதான் கண்முன் நின்றது.

என் மருமகள் பொது சுகாதாரம் படித்தவள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா மக்களைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்து, கோதுமையும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்து, மிச்சத்தை விற்றும் பிழைத்தவர்கள். 1870-களில் இருந்து வெள்ளைக் குடியேறிகள் மேல்பகுதியில் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். கீழே வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. அரசு கொடுத்த மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் சாப்பாடாக மாறின. அடுத்த நூற்றாண்டில், உலகத்திலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள மக்களில் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் மரபணுவே அப்படி என்றுதான் வெகுகாலம் பேசினார்கள். அதே பீமா இனத்தவர் மெக்சிகோவின் மலைப்பகுதியில் இன்னும் உழுது பிழைக்கிறார்கள். 2006-ல் வெளியான ஆய்வு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டது. அமெரிக்கப் பீமாக்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், மெக்சிகோவில் 6.9 சதவீதம். ஒரே வம்சம்! தண்ணீருக்கான ஒப்பந்தம் 2004-ல்தான் அமெரிக்காவில் சட்டமானது. இந்தக் கதையைக் காவிரிக்கரையில் யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும். 'அவங்க அப்படித்தான்' என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உள்பக்கம் சீர்காழி, கொள்ளிடம் பக்கத்து இருளர்களுக்கு ஆறு குறைவு, வயல்தான். சம்பா அறுவடைக்கு அப்புறம் வரப்பில் எலி வளை தோண்டுவார்கள். எலியும் கறிக்கு, அது வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லும் வீட்டுக்கு. மண்சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு வளைக்குள் வாயால் ஊதி ஊதிப் பாதி நெஞ்சு புகையாகிவிடும். எலியின் மூத்திரம் கலந்த ஈரம், காலில் வெடிப்பு வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல். ஆரம்பத்தில் பார்த்தால் சாதாரண மருந்துக்கே கேட்கும், தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்துக்கொள்ளும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு அப்புறம் வருகிற காய்ச்சலை வெறும் காய்ச்சல் என்று அனுப்பிவிடக் கூடாது. என்ன வேலை பார்க்கிறாய் என்று நோயாளியிடம் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700-லேயே சொல்லிவிட்டார். நம் புறநோயாளிச் சீட்டில் வயது எழுதுகிறோம், வேலையை எழுதுவதில்லை.

இந்த நாட்டில் பாம்புக்கடிக்கு மருந்து செய்யத் தேவையான விஷத்தைப் பெருமளவில் எடுத்துக் கொடுப்பது சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல் தொடங்கியது. அந்த வேலையில் தேர்ந்த இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்கள் அறிவு நம் எல்லாருடைய உயிரையும் காக்கிறது. அப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரி வரிசையில் 'தள்ளி நில்லு' என்று ஒருமையில் விரட்டுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு இருளர் மூதாட்டி அதற்கு அப்புறம் நெஞ்சுவலிக்குக்கூட அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டார். தூரமும் காசும் மட்டும் ஆளைத் தடுப்பதில்லை, அந்த ஒருமையும் தடுக்கிறது.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி கிடைத்த கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் ஆற்றில் இறங்காமல் இருந்ததைப் பார்த்தேன். ஆனால் அதற்கும் ஆதார், வங்கிக் கணக்கு, பதிவு எண் எல்லாம் வேண்டும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் காகிதம் இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு இப்படிப்பட்ட பழங்குடிகளுக்கென்றே வீடு, குடிநீர் எல்லாம் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. அது டெல்டாவின் சின்னச் சின்னக் குடியிருப்புகளைத் தேடி வர வேண்டும், வரவைக்க வேண்டும்.

என் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் செவிலியர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். "அக்கா, அந்த ரெண்டு குடியிருப்புலயும் எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். கர்ப்பிணிப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டா உண்டா, சாதிச் சான்றிதழ் யார் யாருக்கு உண்டு, குடிதண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, யாரிடம் முன்பணம், என்ன வேலை, கடைசி மாதங்களில் ஆற்றில் இறங்கினாளா. "இதெல்லாம் நம்ம வேலையான்னு கேப்பாங்களேக்கா" என்றார். "கேக்கட்டும்மா. ரத்தசோகை எண்ணிக்கையை வாசிக்கிறப்ப இதையும் சேர்த்து வாசி. மருத்துவ அலுவலர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கோட்டாட்சியருக்கு ஒரு நகல் அனுப்பு. என் காலத்து மனு நகல் எல்லாம் பீரோவுல இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக்கொண்டு போனார்.