கிணற்றில் விழுந்த மோதிரத்தோடு ஒன்பது மாதம்

புதுச்சேரியில் பள்ளிக்கூடத்திலிருந்தே பிரெஞ்சு படித்தவள் நான். அந்தத் தைரியத்தில்தான் பாரிஸில் முதுகலைக்குச் சேர்ந்தேன். முதலாண்டில் பழைய பிரெஞ்சு என்று ஒரு தாள் இருந்தது. முதல் வகுப்பிலேயே தைரியம் கரைந்துவிட்டது. இன்றைய பிரெஞ்சில் பன்மைக்கு எஸ் சேர்ப்பார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். 12, 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் எழுவாய் ஒருமையாக இருந்தால் எஸ் உண்டு, பன்மையாக இருந்தால் கிடையாது. 'லி ஷெவாலியேர்ஸ்' என்றால் ஒரே ஒரு வீரன். 'லி ஷெவாலியேர்' என்றால் பல வீரர்கள். செயப்படுபொருளாக வந்தால் இதே கணக்கு அப்படியே தலைகீழ். வேற்றுமை உருபோடு பிறந்து வளர்ந்த நமக்கு இது வகுப்பில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டது என்பதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியதுதான் வினையாகப் போயிற்று. "இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு ஒரு பதிப்பு செய்து பாருங்களேன்" என்றார் என் நெறியாளர் அம்மா.

பதிப்பு என்றால் கைப்பிரதிகளை ஒப்பிட்டு, எது சரியான பாடம் என்று முடிவு செய்து தருவது. அதுவும் முழு நூல் இல்லை; ஒரு கவிதையின் கடைசி நூறு அடி சொச்சம். 'லே த லொம்ப்ர்', அதாவது நிழல் பாட்டு. ழான் ரெனார் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கதைப்பாட்டு. அச்சுப் பதிப்பில் 962 அடி, எட்டெட்டு அசை, இரண்டிரண்டு அடியாக இயைபு. ஒரு வீரன், ஒரு சீமாட்டி. இருவருக்கும் கவிஞர் பெயர்கூட வைக்கவில்லை. அவன் காதலைச் சொல்கிறான், அவள் மறுக்கிறாள். அவள் ஏதோ நினைவில் ஆழ்ந்திருக்கும் நேரம் பார்த்துத் தன் மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். அப்புறம்தான் அவள் கவனிக்கிறாள். ஆளனுப்பிக் கூப்பிட்டு, கிணற்றடியில் உட்கார வைத்து, திருப்பி எடுத்துக்கொள் என்கிறாள். மாட்டேன் என்று வாதாடிப் பார்க்கிறான். என்மேல் உனக்கிருக்கும் அன்பின் பேரால் கேட்கிறேன் என்று அவள் சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்கிறான். கிணறு ஒன்றரை துவாஸ் ஆழம்தான். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது அடி. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதில் அவள் உருவம் தெரிகிறது. உங்களுக்கு அடுத்து நான் அதிகம் நேசிப்பவளுக்கு இதைக் கொடுக்கிறேன் என்று சொல்லி மோதிரத்தைத் தண்ணீருக்குள் போடுகிறான். நீர் லேசாகக் கலங்குகிறது. பாருங்கள், வாங்கிக்கொண்டாள் என்கிறான். அந்த இடத்தில் அவள் மனசு மாறுகிறது.

இந்தக் கதைக்காக ஒப்புக்கொண்டேன். ஆனால் நெறியாளர் இதைக் கொடுத்தது கதைக்காக இல்லை. பிரெஞ்சுச் சுவடிப் பதிப்பு உலகமே சண்டை போட்டுக்கொண்ட களம் இந்தச் சின்னப் பாட்டுதான்.

ஏழு கைப்பிரதிகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பாடபேதம். எதை நம்புவது? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கிய முறை இது: இரண்டு பிரதிகள் ஒரே தப்பைச் செய்திருந்தால் இரண்டும் ஒரே தாய்ப் பிரதியைப் பார்த்து எழுதியவை. இப்படித் தப்புகளை வைத்து வம்சாவளி வரைந்து, மேலே மேலே போய், தொலைந்துபோன மூலத்தை எட்டிப் பிடிக்கலாம். பிரான்சில் கஸ்தோன் பரிஸ் 1872இல் புனித அலெக்சிஸ் பாட்டை இப்படிப் பதிப்பித்தார். அவருடைய மாணவர் ஜோசெஃப் பெதியே 1890இல் நிழல் பாட்டுக்கு ஒரு வம்சாவளி போட்டார். குருவோ இல்லை, வேறு மாதிரி என்றார். பெதியே 1913இல் மறுபடி வந்தார், 1928இல் ஒரு நீண்ட கட்டுரையோடு மூன்றாம் முறையும் வந்தார். பதிப்பாசிரியர்கள் வரைந்த வம்சாவளிகள் எல்லாம் பெரும்பாலும் இரண்டே கிளையாகப் பிரிகின்றனவே, அது எப்படி என்பது அவர் கேள்வி. மூன்று கிளை இருந்தால் இரண்டு சேர்ந்து ஒன்றைத் தோற்கடிக்கும். இரண்டே கிளை என்றால் தீர்ப்பு பதிப்பாசிரியர் கையில். தனக்குப் பிடித்த பாடத்தை எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்துக்காகத் தன்னையறியாமலே அப்படி வரைந்துவிடுகிறார்கள் என்றார். அதைவிட ஒரு நல்ல பிரதியை எடுத்து, கூடியமட்டும் கைவைக்காமல் அச்சிடுங்கள் என்பது அவர் முடிவு.

(பெதியே பிறந்தது பாரிஸ் என்றாலும் வளர்ந்தது ரியூனியன் தீவில், நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவு. ஆய்வேட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.)

நான் லாக்மன் கட்சியாகத்தான் ஆரம்பித்தேன். மூலத்தைக் கண்டுபிடிப்பது என்பதில் ஒரு துப்பறியும் ஆசை இருக்கிறதே. இரண்டு பிரதிகளை முழுசாக நானே படித்து எழுதுவது, மற்ற ஐந்துக்கு அச்சுப் பதிப்புகளின் அடிக்குறிப்பை நம்புவது என்று ஏற்பாடு. பாரிஸ் தேசிய நூலகத்தின் 837ஆம் எண் பிரெஞ்சுப் பிரதி ஒன்று, ஏறக்குறைய இருநூற்றைம்பது சின்னச் சின்னப் படைப்புகளை அடக்கிய தடித்த தொகுப்பு. இன்னொன்று புதுவரவுகள் வரிசையில் 1104, கதைப்பாட்டுகளுக்கென்றே பேர்போனது. பெதியே 1913இல் முதலாவதை அடிப்படையாக வைத்தார். பின்னால் இரண்டாவதுக்கும் நல்ல வக்கீலாக மாறினார். அந்த நூலகத்தின் காலிகா இணையதளத்தில் பிரதிகளின் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் மாதம் ஒரு நாளைக்கு எட்டு அடி. எம், என், யு, ஐ எல்லாமே அடுத்தடுத்து நிற்கும் குச்சிகள்தான். நாலு குச்சி என்றால் அது என்ன எழுத்துகள் என்பதை அர்த்தத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஐக்குப் புள்ளி கிடையாது. 'மிகவும்' என்ற சொல்லை மூன்று எழுத்தில் சுருக்கி மேலே ஒரு கோடு. அதை 'மூத்' என்று விரிப்பதா, 'மொல்த்' என்று விரிப்பதா? அந்த எழுத்தர் எங்கேயாவது முழுசாக எழுதியிருக்கிறாரா என்று தொகுப்பில் மற்ற பக்கங்களைத் தேட வேண்டும். அதற்கே இரண்டு நாள் போனது.

அசிங்கப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து நீள எஸ்ஸும் எஃப்பும் அண்ணன் தம்பி மாதிரி. குறுக்கே ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். 'ஃபெத்' என்றால் 'என்கிறான்'. 'ஸெத்' என்றால் 'அறிவான்'. ஓரிடத்தில் நான் 'ஸெத்' என்று படித்து, 'வீரனின் அறிவு' என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் பென்சிலால் அந்தக் குறுக்குக்கோட்டை மட்டும் வரைந்து திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அகராதியிலும் சறுக்கினேன். இணையத்தில் இருக்கும் நடுக்காலப் பிரெஞ்சு அகராதி வசதியானது, அதிலேயே தேடிக்கொண்டிருந்தேன். அது 1330க்கும் 1500க்கும் இடைப்பட்ட மொழிக்கானது. என் கவிஞர் அதற்கு நூறு வருஷம் முந்தியவர். பாதிச் சொல்லடைவை கொத்ஃப்ருவாவின் பழைய பிரெஞ்சு அகராதி பத்துத் தொகுதிகளையும், ஜெர்மன் தெரியாத எனக்கு எமனாக வந்த டோப்ளர்-லோமாட்ச் அகராதியையும் வைத்துத் திருப்பிச் செய்தேன். இந்த வழியில் யாராவது வருவதாக இருந்தால் படிக்கும் அளவுக்காவது ஜெர்மன் கற்றுக்கொண்டு வாருங்கள்.

நாலாவது மாதம் வம்சாவளி வரைய உட்கார்ந்தேன். மூன்று வரைந்தேன். மூன்றும் நியாயமாகவே தெரிந்தன. பெதியே சொன்னதும் அதுதானே என்று அப்போதுதான் உறைத்தது. வாசித்தபோது புரிந்தது வேறு, கை வலிக்க வரைந்த பிறகு புரிந்தது வேறு. சரி என்று 837ஐ அடிப்படையாக வைத்துக் கட்சி மாறினேன். பெர்னார் செர்கிலினி 1989இல் எழுதிய புத்தகத்தை வாசித்தபோது இன்னும் ஒரு படி தாவத் தோன்றியது. இடைக்கால எழுத்து என்பதே மாறிக்கொண்டிருப்பதுதான், மூலம் என்று ஒன்றைத் தேடுவது அச்சுக்காலத்துப் பழக்கம் என்பது அவர் வாதம். அப்படியானால் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாமே என்றேன். "அப்போது யோசிக்கிற வேலையை வாசகரிடம் தள்ளிவிடுகிறீர்கள்" என்றார் நெறியாளர். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் எழுவாயில் எஸ் விட்டுப்போன இடங்களைத் திருத்துவதா விடுவதா என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்துக் காரணம் எழுதிய பிறகு, அவர் பக்கம் ஞாயம் இருப்பதாகப் பட்டது. பெரும்பாலும் திருத்தாமல் விட்டேன். மொழி மாறிக்கொண்டிருந்த காலம் அது. எழுத்தரின் காதுக்கு அது தப்பாகவே கேட்டிருக்காது.

மொழிபெயர்ப்புதான் நான் ரசித்துச் செய்த பகுதி. நவீனப் பிரெஞ்சில் 'ஓம்ப்ர்' என்றால் தரையில் விழும் நிழல். தண்ணீரில் தெரிவதற்கு 'ரெஃப்ளே' என்று தனிச்சொல் இருக்கிறது. ழான் ரெனார் காலத்தில் இரண்டுக்கும் 'ஓம்ப்ர்'தான். 'ரெஃப்ளே' என்று போட்டால் அர்த்தம் தெளிவு, ஆனால் தலைப்போடு இருந்த உறவு அறுந்துவிடுகிறது. தமிழ் 'நிழல்' இரண்டையும் தாங்கும், நம் பழைய இலக்கியத்தில் நீரில் தெரியும் உருவத்துக்கும் அதே சொல்தான். இதை ஒரு குறிப்பாக எழுதி, பிரெஞ்சிலும் 'ஓம்ப்ர்' என்றே வைத்தேன். அந்தக் குறிப்புக்கு மட்டும் நெறியாளர் ஓரத்தில் ஒரு டிக் போட்டிருந்தார்.

ஜூனில் வாய்மொழித் தேர்வு. கைப்பிரதிகளை நேரில் பார்த்தீர்களா என்று முதல் கேள்வி. இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடுத்து இரண்டாம் தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டி, "இது இரண்டிரண்டு அடியாக இயையும் கவிதை. உங்கள் பகுதியில் எப்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடிகள்?" என்று கேட்டார்.

கடைசியாகப் பக்க வடிவமைப்புக்கு மாற்றித் தட்டச்சு செய்தபோது ஓரடியை விட்டிருக்கிறேன். மேலடியும் கீழடியும் ஒரே ஓசையில் முடியவும் கண் தாவிவிட்டது. அதற்குக் கீழே எல்லா அடிக்குறிப்பும் ஒரு எண் தள்ளி நின்றன. இதே தப்புக்காக 13ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஒருவரை முன்னுரையில் 'கவனக்குறைவானவர்' என்று எழுதியிருந்தேன். தேர்வாளர் அந்த வரியை வாசித்துக் காட்டவும் செய்தார்.

தேறிவிட்டேன், திருத்தித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அன்று இரவே உட்கார்ந்து விரல் வைத்து ஒவ்வோர் அடியாக எண்ணினேன். நிழல் பாட்டு இங்கே முடிகிறது என்று சொல்லிவிட்டு ழான் ரெனார் வைத்த கடைசி அடி வந்தது: எண் அறிந்தவர்களே, எண்ணிக்கொள்ளுங்கள்.