பதினோராம் கட்டிலின் டிரிப்ஸ்

"டிரிப்ஸ் தீர்ந்து டியூபில் ரத்தம் ஏறி வருகிறது, நாலு தடவை கூப்பிட்டும் சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை." 2017 அக்டோபரில் என்மேல் வந்த புகார் இவ்வளவுதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை. நாலு தடவை கூப்பிட்டார், நான் போகவில்லை. விளக்கம் கேட்டார்கள். "அந்த நேரத்தில் வேறொரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வருடத்து டெங்குவைப் பற்றித் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் நிலவேம்புக் குடிநீர், எங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நடுவே பாய். ஆண்கள் மெடிக்கல் வார்டு, கட்டில் நாற்பது, அன்றைக்கு ஆட்கள் அறுபதுக்கு மேல், நைட் டியூட்டிக்கு நாங்கள் இரண்டு ஸ்டாஃப். மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்று படிக்கும்போது சொல்லித் தருவார்கள். அறுபது பேருக்கு எண்ணினால் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அதனால்தான் பல கேஸ் ஷீட்களில் எல்லோருக்கும் மூச்சு 18 அல்லது 20 என்றே இருக்கும் (நானும் எழுதியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை). ஆக, யாருடைய மூச்சை உண்மையிலேயே உட்கார்ந்து எண்ணப்போகிறோம் என்பதை முடிவு செய்வதுதான் அந்த ராத்திரியின் முதல் வேலை. அந்த முடிவு எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது.

பத்து மணி ஆன்டிபயாட்டிக் டோஸ் போட்டுக்கொண்டே டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு பக்கம் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 22 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று வீட்டார் நாலு பேர் சேர்ந்து சத்தம். அந்தப் பையன் கால் மேல் கால் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எங்கும் ரத்தக் கசிவு இல்லை. இன்னொரு பக்கம் ஆஸ்துமா பெரியவர் அடுத்த நெபுலைசருக்காகக் காத்திருக்கிறார். பதினோராம் கட்டிலில் டிரிப்ஸ் தீர்கிற நிலை. ஓரக் கட்டிலில் இருபத்திரண்டு வயசுப் பையன், ஐந்தாவது நாள் காய்ச்சல், யாரையும் கூப்பிடவில்லை. அவன் அம்மாதான் சந்தோஷமாகச் சொன்னார்: "காய்ச்சல் மத்தியானமே விட்டுருச்சு சிஸ்டர், உடம்பு ஜில்லுனு இருக்கு."

அந்த "ஜில்லுனு" என்ற வார்த்தையில்தான் டிராலி நின்றது.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரத் தொடங்கும். கையைத் தொட்டேன், விரல்கள் எல்லாம் பச்சைத் தண்ணீரில் நனைத்த மாதிரி. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்பி வர நேரம் எடுத்தது. பி.பி. 110க்கு 92. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் நார்மல் என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் இடைவெளி 18தான், இப்படிச் சுருங்குவதுதான் ஆபத்து. ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது பி.பி. 110க்கு 70 ஆக இருந்தது. நாடி 124. "ஒண்ணுக்கு எப்பப்பா போன?" என்று கேட்டால் யோசிக்கிறான். வயிறு வலிக்கிறதாம், அதைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று பேசாமல் இருந்திருக்கிறான்.

டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன், இன்னொரு ஊசி போட நரம்பு தேடினேன், ரத்தம் எடுத்து அனுப்பினேன். காலையில் 39 இருந்த ஹெமட்டோக்ரிட் (நீர் கசியக் கசிய ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் எண்) 50க்கு வந்திருந்தது, பிளேட்லெட் மட்டும் 68 ஆயிரம், அதை நம்பியிருந்தால் போச்சு. டாக்டர் வந்து கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் ஒரு மணி நேரத்தில் சலைன் ஏற்றச் சொன்னார். கால் மணிக்கு ஒருமுறை பி.பி. பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என்னோடு இருந்த ஸ்டாஃப் ஆஸ்துமா பெரியவரோடும் புதிதாக ஸ்ட்ரெச்சரில் வந்த இரண்டு பேரோடும் மாட்டிக்கொண்டார். பதினோராம் கட்டில்காரர் கூப்பிட்டதெல்லாம் அப்போதுதான். காதில் விழுந்தது. டிரிப்ஸ் தீர்ந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டிவரும், அவருக்கு வலிக்கும், என்னைத் திட்டுவார். அவ்வளவும் தெரிந்துதான் போகவில்லை. "இதோ வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாதது என் தப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர் சிஸ்டர் ஒருவர் சொல்வார்: "கத்துறவனுக்கு மூச்சு இருக்கு, சத்தம் இல்லாத கட்டில முதல்ல போய்ப் பாரு." அந்த ராத்திரிக்குப் பிறகு இதை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டேன், பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

மறு வருடம் இன்னொரு நைட். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், குடிப்பழக்கம் உள்ளவர், கையை உதறி, ஊசியைப் பிடுங்கி, வார்டே அதிரும்படி கெட்ட வார்த்தை. "ரெண்டு நாளா குடிக்கலம்மா, அதான்" என்றார் மனைவி. எங்களுக்கும் அதுதான் தோன்றியது. வாரத்துக்கு நாலு பேரை அப்படிப் பார்க்கிறோம். பேண்டேஜ் துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினோம், டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு நான் சத்தமில்லாத கட்டில்களைப் பார்க்கப் போனேன். கத்துகிறார் இல்லையா, மூச்சு இருக்கிறது.

முக்கால் மணி நேரம் இருக்கும். கடைசி வருட மாணவி ஒருத்தி வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள்: "சிஸ்டர், அவருக்கு சுகர் பார்த்தாச்சா?"

பார்க்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் 38. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. மனைவியிடம் மறுபடி உட்கார்ந்து கேட்டபோதுதான் வந்தது: சுகர் மாத்திரையை ஒரு வேளை விடாமல் போட்டிருக்கிறார், சோறுதான் இரண்டு நாளாக இறங்கவில்லை. தையமின் (வைட்டமின் பி1) போட்டு, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 மில்லி உள்ளே போனது. பாட்டில் முடிவதற்குள் கெட்ட வார்த்தை நின்றது. கண்ணைத் திறந்து, "எம்மா, இது எந்த ஊரு ஆஸ்பத்திரி?" என்றார். அந்த மாத்திரை உடம்பில் தங்கி மறுபடி சுகரை இழுத்துவிடும் என்பதால் விடிய விடிய மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தோம்.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த மதிப்பெண் தாள் ஒன்று இருக்கிறது. மூச்சு, நாடி, பி.பி. எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, யார் மோசமாகிறார் என்று பார்ப்பது. 2017இல் அதைத் திருத்தியபோது, புதிதாக வந்த மனக்குழப்பத்துக்குத் தனியாக 3 மார்க் சேர்த்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலும் அதே 3 தான். பிற்பாடு அதைப் படித்தபோது எனக்கு இந்த மனுஷர் முகம்தான் வந்தது. அவர் கத்தியது எனக்கு 'குடிகாரர்' என்று கேட்டது, அந்தத் தாளுக்கு 3 என்று கேட்டிருக்கும். அதற்காகத் தாளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன், அந்த டெங்குப் பையனின் இடைவெளியை அது எண்ணாது, மேல் பி.பி.க்கு மட்டும்தான் அதில் மார்க்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு அந்த மனுஷர் காபி குடித்துக்கொண்டே தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பாகத் தழும்பு. "ராத்திரி நீ பண்ண கலாட்டாவுக்குக் கட்டிப்போட்டாங்க" என்று மனைவி அதட்டினார். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், "மன்னிச்சுக்கம்மா, உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்." நான் அவர் விரலைப் பிடித்து அடுத்த சுகர் பார்த்தேன். 112. கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

அந்த ராத்திரிக்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.