காவிரிக் கரையில் ஒயிட் லேடி

லண்டன் சவாய் ஹோட்டலின் பெயரில் 1930இல் வந்த சவாய் காக்டெய்ல் புத்தகம் ஒயிட் லேடி என்ற காக்டெய்லுக்குச் சொல்வது இவ்வளவுதான்: பாதி ஜின், கால் பங்கு குவான்ட்ரோ (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மது), கால் பங்கு லெமன் சாறு. மில்லியில் 40, 20, 20.

அதை அப்படியே தஞ்சாவூரில் கலந்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும். புத்தகம் சொல்வது பெரிய மஞ்சள் லெமன். நம் சந்தையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சைக்கு நெடியும் புளிப்பும் அதிகம். 15 மில்லி போதும். பழத்தை ஒட்டப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும். மெதுவாகப் பிழிந்து உடனே வடிகட்டுங்கள்.

குவான்ட்ரோ இங்கே லேசில் கிடைக்காது. நாலு கமலா ஆரஞ்சின் தோலை, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவி, 100 கிராம் சர்க்கரையோடு நன்றாக நசுக்கி நாலு மணி நேரம் மூடி வையுங்கள். சர்க்கரை ஈரமாகிப் பளபளக்கும், தோலின் எண்ணெய் முழுக்க அதில்தான் இருக்கும். 50 மில்லி வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டவும். இந்தப் பாகில் சாராயம் இல்லை, இனிப்போ அதிகம்; அதனால் அளவு 50 ஜின், 10 பாகு, 15 சாறு. வாசனை அருமையாக இருக்கும், குவான்ட்ரோவின் காட்டம் மட்டும் வராது.

டெல்டா புழுக்கத்தில் சொதப்புவது பெரும்பாலும் ஐஸ்தான். கிண்ணத்தில் எடுத்து வைத்த ஐஸ் வியர்த்து, குலுக்கும் முன்பே பானத்தை நீர்க்க வைத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக ஷேக்கரில் பெரிய கட்டிகளாகப் போட்டு, 12 விநாடி பலமாகக் குலுக்குங்கள். கிளாஸும் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.