மின்னியின் மோப்பப் பயிற்சி

செப்டம்பர் 4

குண்டடிபட்டு ஓடிய மானை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க என் நாய் மின்னியைப் பழக்குகிறேன். ஈரல் துண்டை இழுத்துப் போட்ட குட்டித் தடங்களெல்லாம் அவளுக்கு இப்போது விளையாட்டு. இனி குளம்புச் செருப்புதான். அடியில் மான் குளம்பு மாட்டிய செருப்பு அது. போட்டு நடந்தால் அடிக்கு அடி வாசனை மண்ணில் பதியும். தடத்தில் தெளிக்க ரத்தம் கால் லிட்டர் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குப் போதும். தாராளமாக ஊற்றினால் நாய் ரத்தத்தையே தேடப் பழகிவிடும். குண்டடிபட்ட மானுக்கோ பல நேரம் பாதி வழியிலேயே ரத்தம் நின்றுவிடும். அதற்கப்புறம் கைகொடுப்பது குளம்பிடுக்கில் சுரக்கும் வாசனைதான்.

செப்டம்பர் 5

நண்பர் நேற்று மாலை போட்டுவைத்த தடம். வழியை எனக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் என் கையே கயிற்றை இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். திருப்பத்தில் மின்னி நேராகப் போய்விட்டாள். நாலைந்து மீட்டரில் தலை நிமிர்ந்தது, வால் ஆட்டம் நின்றது, கயிறு தொய்ந்தது. அரைவட்டம் போட்டுத் திரும்பி, ஒரு பெரணி இலைக்கடியில் மூக்கை நுழைத்தாள். இலையின் அடியில் கடுகளவு பழுப்புப் பொட்டு. கயிறு மறுபடி விறைத்தது.

செப்டம்பர் 12

தூறல். லேசான ஈரம் மோப்பத்துக்கு நல்லதுதான், காய்ந்த காற்றுதான் ஆகாது.

செப்டம்பர் 20

தடத்தின் குறுக்கே சற்றுமுன் போன மான்களின் வாசனை. மின்னி அந்தப் பக்கம் துள்ளினாள். திட்டவில்லை, கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தானே பழைய தடத்துக்கு வந்தாள். அப்போதுதான் பாராட்டு. என்னைக் கேட்டால், மொத்தப் பயிற்சியும் இந்த ஒன்றுக்காகத்தான்: எந்த மானில் தொடங்கியதோ அந்த மான் மட்டும்.

அக்டோபர் 3

அந்தி நேரத்தில் வேட்டைக்காரர் ஒருவரின் அழைப்பு. சுட்ட இடத்தில் கருத்த ரத்தம், மானின் வயிற்றிலிருந்து சிந்திய, பச்சையாக அரைபட்ட புல். குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. நுரை கலந்த செந்நிற ரத்தமென்றால் நுரையீரல், மான் அதிக தூரம் போயிருக்காது. வயிற்றில் அடிபட்ட இந்த மானை உடனே துரத்தினால் படுத்த இடத்திலிருந்து எழுந்து எங்கேயோ போய்விடும். காலையில் பார்க்கலாம் என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் சரி என்றார்.

அக்டோபர் 4

விடிந்ததும் தொடங்கினோம். படுத்தெழுந்த பள்ளம் ஒன்று, அதைத் தாண்டி ரத்தமே இல்லை. வேட்டைக்காரர் "வழி மாறிடுச்சு" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். கயிறு தொய்யவில்லை, நானும் நிற்கவில்லை. முள் புதருக்குள் மான் செத்துக் கிடந்தது. மின்னி அதன் முடியைப் பிடுங்கும்வரை விட்டுவிட்டேன், அது அவளுடைய கூலி.

நான்கு குளம்புகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்து 40 மணி நேரம் பழசான தடம் போட வேண்டும்.