என்ன வருத்தம்?

நீலகிரியில், பந்தலூர் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன மருத்துவமனையில் மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் வேலை செய்துவிட்டு இலங்கையில் எங்கள் ஹட்டனுக்குத் திரும்பிவிட்டேன். போகும்போது அம்மா, "வெளிநாட்டுக்குப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லாத, ஊருக்குப் போறேன்னு சொல்லு" என்றார். அம்மாவின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், அதனால் அம்மாவுக்குத் தமிழ்நாடு முழுவதுமே ஊர்தான். ஆனால் எனக்குக் கையில் கடவுச்சீட்டு இருந்தது, விசா இருந்தது, விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில்தான் நின்றேன்.

கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி என்று பஸ் மாறி மாறி ஏறி, கூடலூரில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதம். அந்த மழை ஆகஸ்ட் வரைக்கும் சரியாக விட்டதாக எனக்கு நினைவில்லை. பந்தலூர் போகும் வழியெல்லாம் தேயிலை, சவுக்கு மரம், தகரக் கூரை போட்ட லைன் வீடுகள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இது நம்ம மஸ்கெலியா ரோடு இல்லையா என்று நாலு தடவையாவது நினைத்திருப்பேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. காலையில் சீட்டு எழுதுவது, எடை பார்ப்பது, வயதானவர்களை லேபுக்குக் கூட்டிப் போவது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. முதல் நாள் முதலில் வந்தவர் ஐம்பது வயது இருக்கும், இருமிக்கொண்டே வந்து நின்றார். பேர், வயது எழுதிவிட்டு நான் வழக்கம்போல "என்ன வருத்தம்?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் வருத்தம் என்றால் நோய். ஆஸ்பத்திரியில் வேறு எப்படிக் கேட்பது? அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பையன் திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, போன்கூடப் பண்ணுவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. மருந்தகத்து அண்ணன்தான் எட்டிப் பார்த்து, "ஏம்மா, வருத்தம்னா இங்க மனசு சங்கடம், உடம்புக்கு என்னன்னு கேளு" என்று சொல்லிக்கொடுத்தார்.

சரி என்று மாற்றிக்கொண்டேன். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக நாக்கில் இருக்கும் சொல் ஒரு நாளில் போய்விடுமா? அவசரத்தில் அடிக்கடி வாயில் வந்துவிடும், கேட்டவர்களும் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பிரஷர் மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்காத ஒரு அக்கா இருந்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், உப்பைக் குறைத்துவிட்டார், டாக்டருக்கும் காரணம் பிடிபடவில்லை. என் வாய் தவறி வந்த கேள்விக்குத்தான் அவர் சொன்னார்: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்துக்கு யானை வருகிறது, வீட்டுக்காரருக்கு இரவு வேலை, சின்னப் பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை. அதைச் சீட்டின் பின்பக்கம் எழுதி உள்ளே அனுப்பினேன். அன்று மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனி வேண்டுமென்றே அப்படிக் கேளுங்கள், கேட்டதைப் பின்பக்கம் எழுதுங்கள் என்றார். மூன்று மாதத்தில் யாராவது என்னிடம் சொன்ன வார்த்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலே வராத இடமும் இருந்தது. பணியர் என்ற பழங்குடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது, கை கால் மூட்டெல்லாம் வலி என்று சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அவள் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார், நான் நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. எது கேட்டாலும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கு உள்ளூரக் கோபம்கூட வந்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் அங்கே இருந்த ஒரு சிஸ்டர் வந்தார், அவரும் பணியர்தான். வந்தவர் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார், அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது சிக்கிள் செல் நோய். ரத்தச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்துபோய்ச் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்புதான் வலி. குளிரும், போதுமான தண்ணீர் குடிக்காததும் வலியைக் கிளப்பிவிடும், நீலகிரி மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். பெற்றோர் இரண்டு பேரிடமிருந்தும் வருவது இது. இந்தியாவில் இந்த நோய் பழங்குடி மக்களிடம் இருக்கிறது என்று முதன்முதலில் 1952இல் எழுதப்பட்டதே இந்த நீலகிரி மலையில் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா பேசாமல் இருந்ததற்குக் காரணத்தைச் சிஸ்டர் பிறகு சொன்னார். மூத்த மகளும் இதே மாதிரி வலியில் இறந்துபோயிருக்கிறாள், வேறொரு ஆஸ்பத்திரியில், "இவங்க எப்பவும் கடைசி நேரத்துலதான் வருவாங்க" என்று யாரோ முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் எந்தச் சீட்டு மேசையிலும் அவர் வாயைத் திறப்பதில்லை.

கூடலூரில் 1990இலிருந்தே ஆதிவாசிகளுக்கான மருத்துவமனை ஒன்று நடக்கிறது, ஆதிவாசிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாக்கினார்கள். அது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிந்தது அந்தத் தரையில் உட்கார்ந்த அரை மணி நேரத்தைப் பார்த்த பிறகுதான். அப்புறம் நானும் அந்த அம்மா வந்தால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். எதுவும் கேட்கமாட்டேன். ஒருநாள் அவரே வெற்றிலை மடித்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

இனி, நான் அம்மாயி என்று கூப்பிட்ட பாட்டி. காலில் சர்க்கரைப் புண்ணோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் போட வருவார். முதல் தடவை நான் "என்ன வருத்தம்?" என்றதும், ஒரு நொடிகூட யோசிக்காமல் "சீனி வருத்தம்" என்றார். எனக்குப் பேனா நின்றுவிட்டது. இந்தியாவில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவரும் என்னையே பார்க்கிறார். "எந்தத் தோட்டம் புள்ள?" என்றார்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பேசினார்கள், மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கினார்கள், அதைத்தான் இப்போது டேன்டீ என்கிறார்கள். இதெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்தது. அம்மாயி சொன்னது வேறு. 1972இல் அவருக்குப் பதினாறு வயது. தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறியதிலிருந்து அழுகைச் சத்தம் நிற்கவில்லை, அழுகைக் கோச்சி என்றுதான் அதற்கே பெயர். பிறகு கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து இந்த மலை. கல்யாணமாகிப் போயிருந்த அக்காவுக்கு அந்தப் பக்கம் குடியுரிமை வந்ததால் அக்கா அங்கேயே நின்றுவிட்டார், மூன்று கடிதம் வந்ததாம், அவ்வளவுதான்.

அவர் தோட்டம் மஸ்கெலியாவில். கட்டுப் பிரிக்கும்போது வலி தெரியாமலிருக்க நான் மஸ்கெலியாவைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். அவருக்குத் தெரிந்த மஸ்கெலியா டவுன் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது. மவுஸ்ஸாக்கலை அணை கட்டியபோது, 1960களின் கடைசியில், பழைய டவுன் மொத்தமும் மூழ்கிப்போனது. அது அவருக்கும் தெரியும், மூழ்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். தெரியாதது ஒன்றுதான். கடும் வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே வரும், ஜனங்கள் சேற்றில் நடந்துபோய்க் கும்பிடுவார்கள். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. தம்பிக்கு வாட்ஸப்பில் சொல்லி, அவன் முன்பு ஒரு தடவை எடுத்து வைத்திருந்த வீடியோவை வாங்கிக் காட்டினேன். சிஸ்டர் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அம்மாயி காலை அசைக்கவே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்து, "இதுக்கு இந்தப் பக்கந்தான் எங்க அப்பா செருப்பு வாங்கிக் குடுத்த கடை" என்றார். அந்த இடத்தில் வெறும் சேறுதான் தெரிந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். புண் முக்கால்வாசி ஆறியிருந்தது. அக்கா வீட்டுக்காரர் பெயரையும், தோட்டத்து டிவிஷன் பெயரையும் ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் எழுதச் சொன்னார், எழுதினேன். அந்த டிவிஷனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். லயம் (தொழிலாளர் லைன் வீடுகள்) இருக்கிறது, பெயரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, நுவரெலியாப் பக்கம் போய்விட்டதாக ஒரு தாத்தா சொன்னார், அடுத்து அங்கேதான் விசாரிக்க வேண்டும். திரும்பும் வழியில் அணைக்கட்டுப் பக்கம் இறங்கினேன். தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. மார்ச்சில் இறங்கினாலும் இறங்கும் என்றார்கள், தினமும் போய்ப் பார்க்கச் சொல்லி தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.